ஸர் தாமஸ் லிப்டனும் அவர்தம் பாய்க்கலங்களும்

வெற்றி பெற்றோரின் வரலாற்றை எழுதுவோர் உலகில் பலர். தோல்வியுற்றோரின் வரலாற்றை எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும், தாம் விரும்பிய பொருள் ஒன்றினைப் பெறுதற்பொருட்டு 31 ஆண்டுகள் இடையறாது முயன்று, ஐந்து முறை தோல்வியுற்று, அத்தோல்வியினாலேயே இரு பெருங் கண்டத்து மக்களின் அன்பையும் ஒருங்கே பெற்ற பெரியார் ஒருவர் உளர். அவரே ஸர் தாமஸ் லிப்டன் என்பார். தேயிலைப் பொட்டலத்தின்மீது அவர் பெயரைக் காணாதார் நம்முள் அரியர். ஆனால், அப்பெயருடையார் ஒருவர் மெய்யாகவே வாழ்ந்தார் என்பதும், அவர் ஈட்டிய பெரும்பொருளின் ஒரு பகுதி கடல்மீது அன்னம்போல் மிதந்த ஐந்து பாய்க்கலங்களாக உருக்கொண்டது என்பதும் பலர் அறியாதன. அக்கலங்களுள் நான்கு உடைபட்டு மறைந்தன. ஒன்று மட்டும் பிழைத்தது. அவர்தம் வாழ்வையும் அக்கலங்களின் கதையையும் எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்து நாட்டின் வடபகுதியில் பெர்மானா என்றொரு மாவட்டம் உண்டு. லிப்டனின் பெற்றோர் அவ்விடத்து எளிய உழவர் குடியிற் பிறந்தோர். 1845ஆம் ஆண்டு தொடங்கி அந்நாட்டின் உருளைக்கிழங்குப் பயிரைக் கொடுநோயொன்று பற்றிற்று. உருளைக்கிழங்கையே உணவாகக் கொண்டிருந்த ஏழை மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். எஞ்சியோருள் இலட்சக்கணக்கானோர் கடல் கடந்து பிழைக்கப் போயினர். அவ்வாறு போனோருள் லிப்டனின் தந்தையாரும் தாயாரும் இருவர். ஸ்காட்லாந்தின் பெருநகராகிய கிளாஸ்கோவில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கார்பல்ஸ் என்னும் பகுதியில் அவர்கள் குடியேறினர். அங்கு 1848ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் தாமஸ் பிறந்தார். அவர் தம் வாழ்நாள் முழுதும் தாம் பிறந்த ஆண்டு 1850 என்றே கூறி வந்தார்.

தந்தையார் சின்னாள் கூலிவேலை செய்தபின், கிரவுன் தெருவில் ஒரு சிறு கடை வைத்தார். அயர்லாந்திலிருந்து வரும் வெண்ணெய், முட்டை, பன்றியிறைச்சி ஆகியவற்றை அங்கு விற்றனர். கடையின் உயிர்நாடியாக விளங்கியவர் தாயார் பிரான்சிஸ் அம்மையாரே. மைந்தர் தம் தாயாரைத் தெய்வமெனப் போற்றினார். பிற்காலத்தில் பெருஞ்செல்வரானபோதும், தாம் கற்ற வாணிக நெறி அனைத்தும் தம் அன்னையாரிடம் கற்றதே என்று சொல்வதில் அவர் நாணியதில்லை.

கிளாஸ்கோ நகரின் நடுவே கிளைடு என்னும் ஆறு ஓடுகின்றது. உலகின் மிகச்சிறந்த கப்பல்கள் பல அக்காலத்தில் அவ்வாற்றங்கரையிற் கட்டப்பெற்றன. பள்ளி விட்டதும் ஆற்றங்கரைக்கு ஓடுதலும், பாய் விரித்துச் செல்லும் கலங்களைக் கண்கொட்டாது நோக்குதலும் சிறுவனின் வழக்கம். பழம்பெட்டியொன்றின் மூடியைச் செதுக்கிக் கலமாக்கி, தடித்த காகிதத்தைப் பாயாகக் கட்டி, மழைநீர்க் குட்டையில் மிதக்கவிட்டதாகவும், அதற்கு ஷாம்ராக் என்று பெயரிட்டதாகவும் அவரே தம் முதுமையில் கூறியுள்ளார். ஷாம்ராக் என்பது அயர்லாந்தில் விளையும் மூவிலைப் பசும்பூண்டு. பத்திரிக்கு அடிகளார் அந்நாட்டார்க்குத் திரித்துவத்தின் உண்மையை அவ்விலையைக் காட்டி விளக்கினார் என்பது செவிவழிச் செய்தி. அதனால் அஃது அந்நாட்டின் அடையாளமாயிற்று. தாம் காணாத தாய்நாட்டின்மீது அவ்விளஞ்சிறுவன் கொண்ட பற்று, அவ்வொரு பெயரிற் புலனாகின்றதன்றோ?

வறுமையின் காரணமாக ஏறத்தாழ 13ஆம் வயதிலேயே பள்ளிப்படிப்பு நின்றது. காகிதக் கடையொன்றில் ஏவலாளாகவும், பின்னர்ச் சட்டைத்துணி வெட்டும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தார். அவற்றில் மனம் பற்றவில்லை. 1864இல் கிளாஸ்கோவிற்கும் பெல்பாஸ்டிற்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலொன்றில் பணிப்பையனாக அமர்ந்தார். அங்குப் பெற்ற ஊதியத்தைச் சேர்த்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவிற்குப் புறப்பட்டார். உள்நாட்டுப் போர் அப்பொழுதுதான் முடிந்திருந்தது. வர்ஜினியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல்வயலிலும் உழைத்தார். இறுதியில் நியூயார்க் நகரத்து மளிகைக் கடையொன்றில் அமர்ந்து, பண்டங்களைத் தூய்மையாக வைத்தல், விளக்கொளியால் கடையை அழகுசெய்தல், வருவோரை இன்முகத்தோடு வரவேற்றல் ஆகியவற்றைக் கற்றார். சில ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியபோது, தாயாருக்கென ஒரு பீப்பாய் மாவும் ஓர் ஆடுநாற்காலியும் கொண்டுவந்தார் என்பர்.

வாணிகச் சிறப்பு

1871ஆம் ஆண்டு, தம் பிறந்தநாளாகிய மே 10ஆம் நாளன்று, கிளாஸ்கோவில் ஸ்டாப்கிராஸ் தெருவில் தமக்கெனத் தனிக்கடை ஒன்றைத் திறந்தார். இடைத்தரகரை நீக்கி, பொருளை விளையுமிடத்திலேயே வாங்கி, குறைந்த விலைக்கு விற்றல் அவர்தம் கொள்கை. விளம்பரத்தில் அவர்க்கு நிகர் அக்காலத்தில் எவருமிலர். 1881ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விழாவின்போது, அமெரிக்காவிலிருந்து மாபெரும் பாலாடைக்கட்டி ஒன்றை வருவித்து, அதனுள் பொற்காசுகளைப் பொதிந்து, துண்டு துண்டாக விற்றார். காசு கிடைக்குமென்று மக்கள் அலைமோதினர். 1880களின் இறுதியில் பிரித்தானியா எங்கணும் அவருக்கு ஏறத்தாழ 300 கடைகள் இருந்தன. ஏழைகளின் தெருவிற் பிறந்தவர் ஏழைகளுக்கு மலிவாக விற்றே பெருஞ்செல்வரானார்.

இலங்கையும் தேயிலையும்

இனி யாம் கூறப்போவது தமிழராகிய நமக்கு நெருங்கிய செய்தியாகும். அக்காலத்தில் இங்கிலாந்தில் தேயிலை விலையுயர்ந்த பொருளாயிருந்தது. ஓர் இராத்தல் 3 ஷில்லிங்கிற்கு விற்றது. லிப்டன் அதனை மலிவாக்கக் கருதினார். இலங்கை மலைநாட்டிலோ, 1869 முதற்கொண்டு காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பற்றி அழித்துவிட்டது. தோட்ட முதலாளிகள் பலர் நொடித்துப்போயினர். நிலம் மலிவாகக் கிடைத்தது. காப்பி அழிந்த இடங்களில் தேயிலை நடப்பட்டது. 1890இல் லிப்டன் கொழும்பு சென்று, ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பதென்னை முதலிய தோட்டங்களை விலைக்கு வாங்கினார். தம் தோட்டத்துத் தேயிலையைச் சிறு பொட்டலங்களில் அடைத்து, இராத்தல் 1 ஷில்லிங் 7 பென்ஸ் வீதம் விற்றார். ஒவ்வோர் ஊரின் நீருக்கும் ஏற்றவாறு தேயிலை வகைகளைக் கலந்து விற்றதும் அவர்தம் திறமை. கூலிக்காரனும் நாடோறும் தேநீர் பருகலாயினான். தோட்டத்து மலையுச்சியில் அவர் வழக்கமாய் அமர்ந்து நாற்றிசையும் நோக்கிய இடம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

ஆனால், அம்மலைச் சரிவில் கொழுந்து கிள்ளிய கைகள் எவருடையவை? தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களினின்றும் கங்காணிமார் அழைத்துச்சென்ற நம் மக்களுடையவை. பஞ்சத்திற்கு அஞ்சி ஊரை விட்டவர்கள் அவர்கள். லிப்டனின் பெற்றோரும் பஞ்சத்திற்கு அஞ்சியே ஊரை விட்டவர்கள். ஒரு குடியின் மைந்தர் மலைக்கு உடையவரானார்; மற்றக் குடிகளின் மைந்தரோ தலைமுறை தலைமுறையாக லயன் வீடுகளில் வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மக்களுட் பல இலட்சம் பேர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பலர் தாம் கண்டறியாத இந்தியாவிற்கு அனுப்பப்பெற்றனர். இலங்கையில் உரிமையின்றி எஞ்சி நின்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை வழங்கிற்று. இக்கொடுமைகளை லிப்டன் ஒருவர்மீது சுமத்துதல் நீதியன்று. அவர் மறைந்தபின் நிகழ்ந்தவை அவை. எனினும், அவர்தம் பாய்க்கலங்களின் வெண்பாய்களைப் புகழுங்கால், அப்பாய்களுக்குப் பொருள் தந்த மலைகளையும் அங்கு உழைத்த மகளிரையும் மறத்தல் நமக்குத் தகாது என்று கருதுகின்றோம்.

அமெரிக்கக் கிண்ணம்

1851ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், இங்கிலாந்தின் தென்பாலுள்ள வைட் தீவைச் சுற்றிப் பாய்க்கலப் போட்டியொன்று நிகழ்ந்தது. அமெரிக்கா என்னும் பெயருடைய கலமொன்று அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்து, ஆங்கிலக் கலங்கள் அனைத்தையும் வென்று, வெள்ளிக் கிண்ணமொன்றைப் பரிசாகக் கொண்டுசென்றது. அக்கிண்ணம் 1857இல் நியூயார்க் பாய்க்கலக் கழகத்தாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. எந்நாட்டாரும் வந்து போட்டியிட்டு அதனை வென்று கொள்ளலாம் என்று விதிக்கப்பெற்றது. ஆங்கிலேயர் பலர் முயன்றனர், ஒருவரும் வென்றாரிலர்.

இப்போட்டியின் விதிகளைச் சிறிது விளக்குதல் இன்றியமையாதது. கிண்ணத்தை நாடி வருவோரின் கலம் தன் சொந்த வலிமையாலேயே கடலைக் கடந்து வருதல் வேண்டும். ஆகவே அஃது அட்லாண்டிக் அலைகளைத் தாங்குமாறு உறுதியாகக் கட்டப்பெறும். காக்கும் அமெரிக்கக் கலமோ தன் துறைமுகத்திற்கு அணித்தே ஓடுவது. அதனை மெலிதாகவும் இலேசாகவும் கட்டலாம். இவ்வேறுபாடு எதிர்த்து வருவோர்க்குப் பெருந்தடையாயிருந்தது. 1956ஆம் ஆண்டிலேதான் அவ்விதி நீக்கப்பெற்றது.

மற்றொரு விதி கலங்களின் அழகிற்கே காரணமாயிற்று. நிமிர்ந்து நிற்குங்கால் நீர்மட்டத்தில் கலத்தின் நீளம் 90 அடிக்கு மேற்படலாகாது என்பது அது. ஆனால், காற்று வீசக் கலம் ஒருபக்கம் சாயுங்கால், முன்னும் பின்னும் நீண்டு தொங்கும் பகுதிகளும் நீரிற் படியும். நீரிற் படியும் நீளம் மிக மிக, வேகமும் மிகும். ஆதலால் கலஞ்செய்வோர் முகப்பையும் பின்புறத்தையும் நீரின்மேல் நெடுந்தூரம் நீட்டினர். இவ்வாறு விதியை வெல்லக் கருதிச் செய்த உபாயமே, பறக்கத் தொடங்கும் பறவையின் கழுத்தையொத்த அவ்வளைந்த வடிவைத் தந்தது. நீருக்கு அடியில் பெரும்பாரமான ஈயமும், நீருக்கு மேல் வானளாவிய பாயும், இரண்டிற்கும் நடுவே மெல்லிய உடலுமாக அக்கலங்கள் அமைந்தன. அழகுக்கென்று அவற்றில் எதுவும் சேர்க்கப்படவில்லை. வேண்டாதது எதுவும் இல்லாமையே அவற்றின் அழகாயிற்று.

ஐந்து போட்டிகள்

1897இல் விக்டோரியா அரசியாரின் வைரவிழாவின்போது, இலண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க லிப்டன் 25,000 பவுன் வழங்கினார். 1898இல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டே அமெரிக்கக் கிண்ணத்திற்குப் போட்டியிடும் விருப்பத்தை அறிவித்தார். இங்கிலாந்தின் உயர்குடியினரின் கழகமாகிய அரச பாய்க்கலக் கழகம் மளிகைக்கடைக்காரரைத் தன்னுட் சேர்க்கவில்லை. அவர் அல்ஸ்டரிலுள்ள அரச கழகத்தின் சார்பாகப் போட்டியிட்டார். தம் கலத்திற்கு இளமையில் தாம் இட்ட பெயரையே இட்டார்.

முதல் ஷாம்ராக் 1899இல் கடலில் இறங்கிற்று. அதனை வகுத்தவர் வில்லியம் பைப் என்னும் ஸ்காட்லாந்துக் கலைஞர். கிளைடு கழிமுகத்தில் பேர்லி என்னும் சிற்றூரில் மூன்று தலைமுறையாகக் கலம் செய்த குடும்பத்தவர் அவர். அமெரிக்கக் கலமாகிய கொலம்பியாவை வகுத்தவர் நத்தானியல் ஹெரெஷாப். இவர் அந்நாட்டுக் கலஞ்செய்வோருள் தலையாயவர். நியூயார்க் துறைமுகத்திற்கு வெளியே போட்டி நிகழ்ந்தது. மார்க்கோனி தாம் புதிதாகக் கண்ட கம்பியில்லாத் தந்தியின் வாயிலாக அதன் செய்திகளைக் கரைக்கு அனுப்பினார். இரண்டாம் ஓட்டத்தில் ஷாம்ராக்கின் மேற்பாய்மரம் முறிந்தது. மூன்று ஓட்டத்திலும் கொலம்பியாவே வென்றது.

1901இல் இரண்டாம் ஷாம்ராக்கை ஜார்ஜ் வாட்சன் வகுத்தார். டம்பார்ட்டன் நகரத்தில் டென்னி நிறுவனத்தார் அமைத்திருந்த நீர்த்தொட்டியில் சிறு மாதிரிக் கலங்களை இழுத்துச் சோதித்து அதன் வடிவை முடிவுசெய்தார். அவ்வாண்டு மே மாதம், ஏழாம் எட்வர்டு மன்னர் கலத்தின்மீது இருக்கும்போதே அதன் பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. நல்வினைப் பயனாக ஒருவர்க்கும் தீங்கில்லை. மீண்டும் கொலம்பியாவோடு போட்டி. இறுதி ஓட்டத்தில் ஷாம்ராக்கே 2 நொடி முந்திச் சென்று எல்லையைக் கடந்தது. ஆனால், மிகுதியான பாயுடைய கலம் குறைந்த பாயுடைய கலத்திற்குச் சில நொடிகள் விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்னும் விதியால், வெற்றி கொலம்பியாவிற்கே உரித்தாயிற்று.

1903இல் மூன்றாம் ஷாம்ராக்கை எதிர்த்து நின்ற கலம் ரிலயன்ஸ் என்பது. அதன் முழுநீளம் ஏறத்தாழ 144 அடி. பாயின் பரப்பு 16,000 சதுர அடிக்கும் மேற்பட்டது. ஒற்றைப் பாய்மரக் கலங்களுள் அத்துணைப் பெரியதை அதற்குமுன் உலகம் கண்டதில்லை. மூன்றாம் ஓட்டத்தில் மூடுபனி கடலைச் சூழ, ஷாம்ராக் வழி தவறி முடிவெல்லையையே காணாது போயிற்று. மூன்றாம் முறையும் தோல்வியே.

பதினோராண்டு கழிந்தது. 1914இல் சார்லஸ் நிக்கல்சன் வகுத்த நான்காம் ஷாம்ராக், லிப்டனின் நீராவிக்கலமாகிய எரின் உடன்வர, அட்லாண்டிக் நடுவே செல்லும்போது பெரும்போர் மூண்டது என்னும் செய்தி வந்தது. கலம் பெர்முடாத் தீவை அடைந்து, பின்னர் நியூயார்க் சேர்ந்து, ஆறாண்டு கரையிற் கிடந்தது. லிப்டன் எரின் கலத்தை மருத்துவரையும் செவிலியரையும் ஏற்றிச்செல்ல அளித்தார். தாமே செர்பியாவிற்குச் சென்று, நச்சுக்காய்ச்சலால் மக்கள் மடிந்த மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்தார். அக்காலத்து அவர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். பின்னர்க் கடற்படையினரிடம் சென்ற எரின், 1916இல் மால்ட்டாத் தீவருகே கண்ணிவெடியால் மூழ்கிற்று.

1920ஆம் ஆண்டுப் போட்டியே லிப்டன் வெற்றிக்கு மிக அணுகி வந்த போட்டி. நான்காம் ஷாம்ராக் காண்பதற்கு அழகற்றதென்று பலரும் இகழ்ந்தனர். விரைவில் அது குறைந்ததன்று. அமெரிக்கக் கலமாகிய ரெசல்யூட்டின் பாயேற்றும் கயிறு அற்றுப்போக, முதல் ஓட்டத்தில் ஷாம்ராக் வென்றது. இரண்டாம் ஓட்டத்திலும் வென்றது. இன்னும் ஒன்று வென்றாற் கிண்ணம் கைக்கு வரும். மூன்றாம் ஓட்டத்தில் இரு கலங்களும் அத்தொலைவைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நொடியும் வேறுபடாது ஒத்திருந்தது. ஆனால், ஷாம்ராக் விட்டுக்கொடுக்க வேண்டிய நேரம் 7 நிமிடம் 1 நொடி. ஆதலால் அவ்வோட்டம் அமெரிக்கர்க்காயிற்று. எஞ்சிய இரண்டும் அவ்வாறே ஆயின.

இறுதிப் போட்டி 1930இல் ரோட் தீவிலுள்ள நியூபோர்ட் நகருக்கு வெளியே நிகழ்ந்தது. லிப்டனுக்கு அப்பொழுது வயது 82. நிக்கல்சன் வகுத்த ஐந்தாம் ஷாம்ராக் எஃகுச் சட்டத்தின்மீது மரப்பலகை வேய்ந்த பசுநிறக் கலம்; ஏறத்தாழ 120 அடி நீளமுடையது; கண்டார் கண்ணை விட்டகலா அழகு வாய்ந்தது. எதிர்நின்ற எண்டர்பிரைஸ் கலமோ ஓர் இயந்திரசாலை போன்றது. இலேசான உலோகக் கலவையாலாகிய பாய்மரமும், தளத்தின்கீழ் மறைத்து வைத்த கயிறுசுற்றும் பொறிகளும் அதனிடம் இருந்தன. மூன்றாம் ஓட்டத்தில் ஷாம்ராக்கின் பாய்க்கயிறு அறுந்து பாய் சரிந்தது. நான்கு ஓட்டத்திலும் எண்டர்பிரைஸே வென்றது.

தோற்றவர் பெற்ற கிண்ணம்

இத்தனை முறை தோற்றும் லிப்டன் ஒருமுறையேனும் நடுவரைக் குறைகூறினாரிலர். எதிரியின் வெற்றியை இழித்துரைத்தாரிலர். தம் மாலுமியர்மீது பழிசுமத்தினாரிலர். ஒவ்வொரு தோல்வியின்பின்னும் வென்றவரை மனமாரப் பாராட்டிப் புன்முறுவலோடு திரும்பினார். அவர்தம் பொறுமையைக் கண்ட அமெரிக்க மக்கள் தம் நாட்டுக் கலம் வெற்றி பெற்றதற்கே வருந்தும் நிலையை அடைந்தனர். நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் என்பார், ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்து லிப்டனுக்குத் தனியே ஒரு கிண்ணம் செய்தளிப்போம் என்று பத்திரிகை வாயிலாக வேண்ட, ஊரெங்கணுமிருந்து மக்கள் பொருள் அனுப்பினர். அப்பொருளாற் செய்த பொற்கிண்ணம் 1930ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகர மண்டபத்தில் அவருக்கு அளிக்கப்பெற்றது. அவர் நாடிய கிண்ணம் வெள்ளி. பெற்ற கிண்ணமோ பொன்.

இதனால் வாணிகத்திற்கு ஊதியம் விளையவில்லையோ என்று வினவுவார் உளர். விளைந்தது என்பதே உண்மை. அமெரிக்கா எங்கணும் அவர் பெயர் பரவப் பரவத் தேயிலை மிகுதியாக விற்றது. அதனை அவர் அறியாதவரல்லர். ஆயினும், இலாபமே கருதுவோன் 82ஆம் வயதில் ஐந்தாம் கலம் கட்டுவானா? சிறுவயதிற் குட்டையில் மிதந்த காகிதப் பாயின் நினைவே அவரை ஈர்த்தது என்று யாம் நம்புகின்றோம்.

1931ஆம் ஆண்டில், நெடுங்காலம் வாயிலடைத்திருந்த அரச பாய்க்கலக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அவ்வாண்டே அக்டோபர் 2ஆம் நாள், இலண்டனுக்கு வடபாலுள்ள தம் இல்லத்தில் அவர் காலமானார். அவர் மணம் புரியாதவர். தம் செல்வத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகரத்து ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எழுதி வைத்தார். தாம் பிறந்த பகுதிக்கு அண்மையிலுள்ள கல்லறைத் தோட்டத்தில், தம் பெற்றோரின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

கலங்களின் முடிவு

ஓய்வுபெற்ற போட்டிக்கலத்தின் கதி இரங்கத்தக்கது. பண்டம் ஏற்றும் கலம் முதுமையிலும் பண்டம் ஏற்றும். மீன்பிடிக்கும் படகு பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் மீன்பிடிக்கும். விரைவு ஒன்றற்கே செய்யப்பெற்ற கலமோ, அடுத்த ஆண்டு தன்னினும் விரைவான கலம் தோன்றியதும் பயனற்றதாகின்றது. அதனை ஓட்டப் பலர் வேண்டும். பேணப் பெரும்பொருள் வேண்டும். அடியிலுள்ள ஈயத்திற்கும் உடலிலுள்ள வெண்கலத்திற்கும் சந்தையில் நல்ல விலையுண்டு. ஆதலின் உடைப்போர் கையிற் சேர்தலே பெரும்பாலும் அதன் முடிவு. லிப்டனின் முதல் நான்கு ஷாம்ராக் கலங்களும் அவ்வாறே உடைபட்டன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பிரிட்டானியா என்னும் கலம், மன்னர் மறைந்தபின் அவர் விருப்பப்படி 1936ஆம் ஆண்டு ஜூலையில் வைட் தீவருகே கடலில் மூழ்கடிக்கப்பெற்றது.

லிப்டனை வென்ற கலங்களின் கதிதான் என்ன? ரிலயன்ஸ் 1913இல் உடைபட்டது. கொலம்பியா 1915இல் உடைபட்டது. எண்டர்பிரைஸ் 1935இல் உடைபட்டது. ரெசல்யூட் 1939இல் உடைபட்டது. லிப்டனை வென்ற கலங்களுள் ஒன்றேனும் இன்று இல்லை. ஆனால், நான்கு ஓட்டத்திலும் தோற்ற ஐந்தாம் ஷாம்ராக் இன்னும் அழியாது உள்ளது! லிப்டனுக்குப் பின் அதனை வாங்கியோர் அதன் அழகை நயந்து பேணினர். இத்தாலியர் ஒருவரிடம் இருந்த காலத்தில் நான்கிலைப் பூண்டு என்னும் பொருளுடைய இத்தாலியப் பெயரையும் அது தாங்கிற்று. 1986இல் லிப்டன் தேயிலை நிறுவனத்தார் அதனை வாங்கி, அது தோற்ற அதே நியூபோர்ட் நகரத்துக் கலக் காட்சிசாலைக்கு நன்கொடையாக அளித்தனர். பின்னர் அது செப்பனிடப்பெற்று மீண்டும் பாய் விரித்தது.

1930 முதல் 1937 வரை அவ்வகையைச் சார்ந்த பெருங்கலங்கள் பத்துக் கட்டப்பெற்றன. அவற்றுள் அமெரிக்கர் கட்டியவை ஆறு, ஆறும் உடைபட்டன. எஞ்சியுள்ளவை மூன்றே: ஐந்தாம் ஷாம்ராக், வெல்ஷீடா, எண்டெவர். மூன்றும் நிக்கல்சன் வகுத்தவை. மூன்றுள் ஒன்றும் கிண்ணத்தை வென்றதன்று. எண்டெவர் என்பது பல்லாண்டு துருப்பிடித்துப் பாழாய்க் கிடந்து, பெண்மணி ஒருவரின் அருமுயற்சியால் 1989இல் மீண்டும் கடலேறிற்று. பைப் குடும்பத்தார் கட்டிய பழங்கலங்கள் பலவும் இன்றும் மத்தியதரைக்கடலில் விழாக்காலங்களிற் பாய் விரிக்கின்றன. அவற்றைக் காத்தோர் அவை எத்தனை போட்டியில் வென்றன என்று எண்ணிக் காத்தவரல்லர். கண்டபொழுது விட்டகல மனமின்றிக் காத்தவரே.

முடிவுரை

வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பாடப்புகுந்த வெண்ணிக்குயத்தியார், காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய அவன் முன்னோரைப் புகழ்ந்து, பின்னர் அப்போரிற் புண்பட்டுத் தோற்ற சேரனே அவனினும் நல்லன் என்று அஞ்சாது மொழிந்தார். புறநானூற்றிலுள்ள அப்பாட்டைக் கற்குந்தோறும், தோற்றவனுக்கும் பாட்டுண்டு என்னும் நம் முன்னோரின் பெருந்தன்மை எம் உள்ளத்தைத் தொடுவதுண்டு. சேரன் தோல்விக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். லிப்டனோ தோல்விக்கு நாணாது வீடு திரும்பி அடுத்த கலத்திற்கு மரம் தேடினார். இருவர் நெறியும் வேறு. எனினும் வெற்றியே மனிதனை அளக்கும் கோலன்று என்பதை இருவரும் காட்டினர்.

அக்கிண்ணம் 132 ஆண்டுகள் அமெரிக்கரிடமே இருந்து, 1983இல் ஆஸ்திரேலியர் கைக்குச் சென்றது. அதன்பின் பலர் கைக்கும் மாறிற்று. யார் எந்த ஆண்டு வென்றார் என்பதை ஏடு பார்த்தே சொல்லவேண்டும். ஐந்து முறை தோற்றவர் யார் என்று கேட்பின் ஏடு வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்களே! தேர்வும் பரிசும் பதவியுமே வாழ்வின் முடிவென்று எண்ணி மனமழியும் நாட்கள் நம் அனைவர்க்கும் உண்டு. அந்நாட்களில் பசுநிறக் கலமொன்று வெண்பாய் விரித்துக் கடல்மீது சாய்ந்து செல்வதை நாம் நினைத்துக்கொள்வோமாக. அன்றியும், தேநீர்க் கோப்பையைக் கையிலெடுக்குந்தோறும், பனி பெய்யும் மலைச்சரிவில் கூடை சுமந்து நிற்கும் நம் சகோதரியையும் நினைத்துக்கொள்வோமாக. அவள் பெயர் எந்தப் பொட்டலத்தின்மீதும் அச்சிடப்படவில்லை.